முஸ்கோகாவிலிருந்து கம்பர்லாண்ட் தெரு வரை

டொராண்டோவில் யார்க்வில் என்றால் காசுள்ளவர்கள் பேட்டை. விலைச்சீட்டே வைக்காத கடைகள் அங்கே உண்டு. அந்தப் பேட்டையில் கம்பர்லாண்ட் தெருவில், பே சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், ஒரு பாறை படுத்துக் கிடக்கிறது. எடை சுமார் 650 டன். கோடைக்கால மதியங்களில் பக்கத்து அலுவலகத்து ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். குழந்தைகள் ஏறிச் சறுக்குவார்கள். வெயிலில் சூடேறிய கல்லில் முதுகைக் கொடுத்துத் தூங்குகிறவர்களும் உண்டு. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, பாறை ஆதியிலிருந்தே அங்கே இருந்ததாகவும், நகரம் அதைச் சுற்றி வளர்ந்ததாகவும்தான் தோன்றும்.

அது லாரியில் வந்து இறங்கியது. வந்து முப்பது வருஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது.

அந்த மனையில் முன்பு விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் இருந்தன. புளோர்–டான்ஃபோர்த் ரயில் பாதைக்காக அவற்றை இடித்தார்கள். 1966-இல் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. மேலே மிஞ்சிய வெற்று நிலத்தைக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டு நகராட்சி வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. பூங்கா வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1991-இல் ஒரு சர்வதேச வடிவமைப்புப் போட்டி நடந்தது. உள்ளூர்க் கட்டடக்கலை நிறுவனமான ஓல்சன் வோர்லண்டும், மார்த்தா ஷ்வார்ட்ஸ், கென் ஸ்மித், டேவிட் மேயர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர்களும் சேர்ந்து கொடுத்த திட்டம் ஜெயித்தது. 1994-இல் பூங்கா திறந்தது. 2012-இல் அமெரிக்க நிலக்காட்சி வடிவமைப்பாளர்கள் சங்கம், காலத்தைத் தாண்டி நிற்கும் வடிவமைப்புகளுக்குத் தரும் விருதை இதற்குக் கொடுத்தது.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. இடிபட்ட வீடுகளின் மனை அகலத்தைக் கணக்கில் வைத்துப் பூங்காவைக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். ஒரு பட்டையில் பைன் தோப்பு, இன்னொன்றில் பிர்ச் மரங்கள், வேறொன்றில் சதுப்பு நிலத்துச் செடிகள். கிளிஞ்சல், பட்டாம்பூச்சி, பூச்சி என்று வகைபிரித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவது விக்டோரியா காலத்துக் கனவான்களின் பொழுதுபோக்கு. அதையே ஒரு தெரு நீளத்துக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் நிலங்களைச் சேகரிக்கிறவர்கள், நாட்டின் பாதியை மூடிக் கிடக்கும் கனடியன் ஷீல்டு என்ற தொல்பாறைப் பரப்பை விட்டுவிட முடியுமா? அதற்கான மாதிரிதான் இந்தப் பாறை.

சிமென்டில் செய்து சாயம் பூசியிருக்கலாம். பல நகரங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இவர்கள் டொராண்டோவுக்கு வடக்கே இரண்டு மணிநேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் முஸ்கோகாவுக்குப் போய், தரையோடு ஒட்டிக் கிடந்த ஒரு பாறைத் திட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் இயற்கையான விரிசல்களை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பெயர்த்து, லாரிகளில் ஏற்றி, தெற்கே கொண்டுவந்து பழையபடி கோத்தார்கள். அபு சிம்பெல் கோயிலையும் நாகார்ஜுனகொண்டாவின் சின்னங்களையும் அணைநீரிலிருந்து காப்பாற்ற இப்படித்தான் பிரித்துக் கோத்தார்கள். மனிதன் உளி வைக்காத கல்லுக்கு அந்த மரியாதை கிடைப்பது அபூர்வம். கல்லுக்கா இத்தனை செலவு என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். இப்போது அந்தப் பூங்காவில் எதை எடுத்தாலும் எடுக்கலாம், பாறையை மட்டும் யாரும் விட மாட்டார்கள்.

ஊரைவிட்டு ஊர் வந்த கல் என்றதும், புலம்பெயர்ந்து வந்தவர்களோடு அதை ஒப்பிட்டு நாலு வரி எழுத எவருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். இந்தக் கல்லின் வரலாற்றில் லாரிப் பயணம் ஒரு சின்ன அத்தியாயம்கூட இல்லை. மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். கண்டத்தட்டுகள் நகரும் வேகத்தில், ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே தூரத்துக்கு 85 லட்சம் ஆண்டு ஆகும். இந்தப் பாறை அப்படிப்பட்ட பயணங்களைத்தான் செய்து பழகியது. கீழே போனது, பக்கவாட்டில் போனது, மேலே வந்தது, பூமத்திய ரேகையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. லாரி ஏறியது கடைசியில்.

பாறையின் வயது 100 கோடி ஆண்டு என்று பூங்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அது பிறந்த தேதியைச் சொல்லவில்லை. முஸ்கோகாப் பாறைகள் முதலில் உருகிய குழம்பாக இருந்து உறைந்தது சுமார் 145 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். 100 கோடி என்பது, அவை மறுபடி அடுப்பேறி இறங்கிய காலம். இந்த இரண்டு தேதிகளையும் ஒரே கல்லிலிருந்து எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்பது இந்தக் கதையின் சுவையான பகுதி. அந்தக் கலையின் பெரும்பகுதி, பாறை கிடக்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடையில்தான் வளர்ந்தது.

புளோர் தெருவும் குயின்ஸ் பார்க்கும் சந்திக்கும் முனையில் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் இருக்கிறது. டைனோசர் எலும்பு பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாத டொராண்டோத் தமிழர் குறைவு. அதே கட்டடத்தில் 1975-இல் டாம் க்ரோ என்ற புவியியலாளர் ஒரு ஆய்வுக்கூடத்தை அமைத்தார். ஜாக் சாட்டர்லி என்ற ஒன்டாரியோப் புவியியலாளரின் பெயரில் அது இயங்கியது. அங்கே நடந்த வேலை: பாறையிலிருந்து சிர்கான் என்ற கனிமத்தின் பொடிப் படிகங்களைப் பிரித்தெடுத்து, அதில் இருக்கும் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளப்பது. நம் ஊர் வாசகர்களுக்குச் சிர்கான் அந்நியம் இல்லை. மணவாளக்குறிச்சி தாதுமணலில் கார்னெட்டோடும் இல்மனைட்டோடும் சேர்ந்து கிடப்பதுதான். பழைய பாறைகள் தேய்ந்து கரைந்தபின் கடைசிவரை கரையாமல் நிற்கிற கனிமம் அது.

சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. அப்புறம் யுரேனியம் தானாகச் சிதைந்து ஈயமாகும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு பிடிக்கும். யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு போதும். ஆக, ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே மணி காட்டினால் கணக்கை நம்பலாம். சிக்கல் என்னவென்றால், படிகத்தின் வெளிப்பகுதி சிதைந்து ஈயத்தைக் கசியவிட்டிருக்கும், அப்போது கடிகாரங்கள் முரண்படும். க்ரோ இதற்குக் கண்ட வழி நம் பட்டறைக்காரர் ஒருவர் கண்டிருக்கக்கூடியது. ஒரு சின்னக் குப்பிக்குள் படிகங்களைப் போட்டுக் காற்றைப் பீய்ச்சிச் சுழலவிடுவார். அவை சுவரில் உரசி உரசி மேல்தோல் தேய்ந்து, கெடாத உட்பகுதி மட்டும் மிஞ்சும். 1982-இல் இந்த முறை வெளியானது. அதற்கு முன்பே, 1973-இல், சிர்கானை டெஃப்லான் குப்பிக்குள் அமிலத்தில் கரைக்கும் முறையை அவர் உருவாக்கியிருந்தார். பெட்ரோல் வழியாக ஊர்க் காற்றிலேயே ஈயம் மிதந்த காலம் அது. வெளி ஈயம் ஒரு துளி கலந்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கணக்கில் பிழையாகும். அவருடைய முறையில் அந்தக் கலப்படம் வெகுவாகக் குறைந்தது, ஒரு தலைமுடியைவிடச் சற்றே பருமனான படிகங்களைக்கூட அளக்க முடிந்தது. உலகம் முழுவதும் தொல்பாறைகளின் வயதுக் கணக்கு இதற்கப்புறம்தான் நம்பும்படி ஆனது.

முஸ்கோகாவின் சிர்கான்களை அறுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பழைய கரு, அதைச் சுற்றி பிற்பாடு வளர்ந்த ஓடு. கரு சுமார் 145 கோடி ஆண்டு என்கிறது. ஓடு சுமார் 107 கோடி என்கிறது. இடையில் ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள்.

கருவின் காலத்தில் வட அமெரிக்காவின் மூதாதையான லாரன்ஷியா கண்டத்தின் தென்கிழக்கு விளிம்பில், இன்றைய ஆண்டிஸ் மலைத்தொடர் மாதிரி எரிமலைகளின் வரிசை ஒன்று நின்றது. கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் செருக, ஆழத்தில் உருகிய குழம்பு மேலேறி, பாதி வழியில் நின்று உறைந்தது. நம் பாறையின் பிறப்பு அதுதான். பிறகு நீண்ட காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். உண்மையில் நிறைய நடந்தது, அதெல்லாம் பக்கத்து வீட்டுக் கதை.

109 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கண்டம் வந்து மோதியது. இன்றைய தென் அமெரிக்காவின் அமேசோன் பகுதியாக அது இருந்திருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. அந்த மோதலில் எழுந்த மலைத்தொடர் லாப்ரடாரிலிருந்து டெக்சஸ் வரை நீண்டது. புவியியலாளர்கள் அதைக் கிரென்வில் மலையாக்கம் என்கிறார்கள். ஒட்டாவா ஆற்றங்கரையில் கியூபெக் பக்கம் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர் அது. கனடாவின் புவியியல் ஆய்வகத்தை 1842-இல் தொடங்கிய வில்லியம் லோகன் அங்கிருந்த பாறைகளுக்கு இட்ட பெயர், பின்னால் ஒரு பூதாகாரமான மலைத்தொடருக்கே ஒட்டிக்கொண்டது. மலையைத்தான் இப்போது காணோம்.

இரண்டு கண்டங்கள் மோதும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மேலோடு இரட்டிப்பாகத் தடிக்கும். இன்று திபெத்துக்குக் கீழே மேலோட்டின் தடிமன் சுமார் 70 கிலோமீட்டர், சாதாரணமாகக் கண்டங்களில் 35 முதல் 40 வரைதான். அப்படித் தடித்த அடுக்கின் நடுவில் மாட்டிக்கொண்டது முஸ்கோகாப் பாறை. 30 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம். அங்கே அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு. வெப்பம் 750 முதல் 850 டிகிரி செல்சியஸ்.

பாறைக்குள் யாரும் வெப்பமானி வைக்கவில்லை. ஆனாலும் கனிமங்களே கணக்கு வைத்திருக்கின்றன. கார்னெட்டும் பயோடைட் என்ற கறுப்பு அபிரகமும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால், இரண்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு என்பதை வெப்பம்தான் தீர்மானிக்கிறது. சூடு ஏற ஏறக் கார்னெட்டுக்கு மக்னீசியம் அதிகம் போகும். அழுத்தத்துக்கு வேறு ஜோடி: அழுத்தம் கூடும்போது பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பாரிடமிருந்து சுண்ணாம்புச்சத்து கார்னெட்டுக்குக் கைமாறும். மெல்லிய சீவலாக அறுத்த பாறையில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, படிகத்தின் நடுவில் எவ்வளவு, விளிம்பில் எவ்வளவு என்று புள்ளி புள்ளியாக அளந்தால் அந்தப் பங்கீடு தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாறை மெதுவாக ஆறும்போதும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே விளிம்பில் கிடைக்கும் வெப்பம் உச்ச வெப்பமாக இருக்காது. கெட்டிக்காரர்கள் ஒரே ஜோடியை நம்பாமல் நாலைந்து ஜோடிகளைக் கேட்டுத்தான் முடிவுக்கு வருவார்கள்.

இவ்வளவு சூட்டில் இருந்த கல் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. கொல்கத்தாவில் 1693-இல் இறந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மேல், புனித ஜான் தேவாலயத்தில், ஒரு கருங்கல் பலகை இருக்கிறது. அது மதராஸ் பக்கத்திலிருந்து போனது. இரு நூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல், இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லையும் பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி வகை என்று கண்டு, சார்னாக்கின் பெயரையே வைத்துச் சார்னோக்கைட் என்றார். உலகப் புவியியல் பாடநூல்கள் எல்லாவற்றிலும் இன்று அந்தப் பெயர் இருக்கிறது. பாறைக்குள் நீர் சேர்ந்த கனிமங்கள் எல்லாம் வெப்பத்தில் நீரை இழந்து, ஹைப்பர்ஸ்தீன் என்ற வறண்ட கனிமம் உருவாகும் நிலைதான் சார்னோக்கைட்டின் அடையாளம். முஸ்கோகாவின் பெரும்பகுதி அதற்கு ஒரு படி கீழே நின்றுவிட்டது. அங்கே நீர் சேர்ந்த ஹார்ன்பிளெண்டும் பயோடைட்டும் பிழைத்திருக்கின்றன. பக்கத்திலேயே ஜார்ஜியன் வளைகுடாவின் பாரி சவுண்டுப் பகுதிப் பாறைகள் அந்தப் படியையும் ஏறிவிட்டவை. வயதில் மட்டும் நம் ஊர்க் கல் மூத்தது. பல்லாவரம் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சூட்டைப் பார்த்துவிட்டது. ஆகக் கிரென்வில் மோதலை உலகின் முதல் பெரிய மோதலாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

திரும்ப 107 கோடிக்கு வருவோம். அந்த வெப்பத்தில் முஸ்கோகாப் பாறை ஒரு பங்கு உருகியது. முழுக்க உருகவில்லை, எளிதில் உருகும் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் திரவமாகி ஓரமாகச் சேர்ந்தன, கறுப்புக் கனிமங்கள் திடமாகவே நின்றன. டொராண்டோவிலிருந்து 400-ஆம் நெடுஞ்சாலையில் போய், பேரிக்கு அப்பால் 11-ஆம் சாலையில் திரும்பி, கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் வந்தால், சாலைக்காக வெடிவைத்துப் பிளந்த பாறைச் சுவர்கள் இரு பக்கமும் வரும். அவற்றில் வெளிர் இளஞ்சிவப்பும் கருஞ்சாம்பலும் மாறி மாறிப் பட்டைகளாக ஓடும். வெளிறியது உருகி உறைந்த பகுதி, இருண்டது உருகாமல் நின்ற பகுதி. சில இடங்களில் ஒரு பட்டை நேராக வந்து, திடீரென்று வளைந்து, தன்மேலேயே மடிந்து, மெலிந்து அறுந்து, ஒரு கை தள்ளி மறுபடி தொடங்கும். வெடிக்காகத் துளைத்த குழிகளின் பாதி வட்டத் தடங்கள் அந்த மடிப்புகளை நெட்டுக்குத்தாக வெட்டிக்கொண்டு போகும். கடைகளில் இதைக் கிரானைட் என்றே சொல்வார்கள். பட்டை விழுந்து மடிந்துபோன இதை நைஸ் என்பது புவியியலாளர் வழக்கம். சமையல்கட்டு மேடை போடுகிறவருக்கு இரண்டும் ஒரே விலைதான்.

உருகல் சில விழுக்காடு இருந்தாலே பாறையின் வலிமை பல மடங்கு விழுந்துவிடும். மேலே 30 கிலோமீட்டர் பாரம், நடுவில் வலுவிழந்த அடுக்கு, கீழே மறுபடி உறுதியான அடித்தளம். இந்த நிலையில் என்ன நடக்கும்? இடியாப்ப உரலில் மேலிருந்து அழுத்தினால் மாவு கிடைத்த துவாரம் வழியாக வெளியேறுகிற மாதிரி, நடு அடுக்கு பாரம் குறைந்த திசையை நோக்கிப் பிதுங்கும். ஹாலிஃபாக்ஸின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் பியூமான்ட், ரெபெக்கா ஜேமிசன் குழுவினர் 2001-இல் இமயமலைக்கு இந்த விளக்கத்தைக் கணினி மாதிரிகளால் முன்வைத்தார்கள். திபெத்துக்குக் கீழே மென்மையான மேலோடு ஒரு வாய்க்காலாகத் தெற்கே ஓடி, பருவமழை அரிக்கும் இமயத்தின் முகப்பில் வெளிப்படுகிறது என்பது அவர்கள் சொன்னது. இமயத்தில் அந்த வாய்க்கால் இன்னமும் பெரும்பாலும் பூமிக்குள் கிடப்பதால் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு, இன்றுவரை விவாதம் ஓயவில்லை. கிரென்வில்லில் மேல் அடுக்கு முழுவதும் அரித்துப்போனதால் நடு அடுக்கு அப்படியே வெளியே தெரிகிறது. அதே குழு ஜார்ஜியன் வளைகுடாக் கரைக்கும் வந்து, இங்கே பார்ப்பது அந்த மாதிரி ஒரு பழைய வாய்க்காலின் அடித்தளம் என்றது. முஸ்கோகா அந்த ஓட்டத்தில் உருகிப் பிதுங்கி, வடமேற்குப் பக்கமிருந்த பழைய பாறைகளின் மேல் தள்ளப்பட்ட ஒரு மடிப்பு. என்னைக் கேட்டால், இமயத்தைப் பற்றிய தர்க்கத்தைத் தீர்க்க எவரெஸ்ட்டுக்குப் போவதைவிட முஸ்கோகாச் சாலையோரச் சுவரை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். செலவும் குறைவு.

கீழே போனதும் பக்கவாட்டில் போனதும் ஆயிற்று. மேலே வந்த பயணம் மிக மந்தமானது. மலை தேய்ந்தது. தேயத் தேயப் பாரம் குறைந்து, அடியிலிருந்த பாறை உயர்ந்தது. உயர்ந்ததும் மறுபடி தேய்ந்தது. ஹார்ன்பிளெண்ட் படிகத்துக்குள் ஆர்கான் வாயு சேரத் தொடங்குவது, பாறை சுமார் 500 டிகிரிக்கு ஆறிய பிறகுதான். அந்த ஆர்கான் கடிகாரங்கள் இந்தப் பகுதியில் 97 கோடி, 95 கோடி என்ற அளவில் நிற்கின்றன. உச்சச் சூட்டிலிருந்து 500 டிகிரிக்கு வரவே சுமார் 10 கோடி ஆண்டு. 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பாறை தரைமட்டத்துக்கு வந்துவிட்டது என்பது உறுதி. காரணம், அப்போது ஒரு ஆழமற்ற வெப்பக் கடல் வந்து அதன்மேல் சுண்ணாம்பைப் படியவிட்டது. செவர்ன் ஆற்றுப் பக்கம் போனால், நைஸ் மேல் சுண்ணக்கல் நேரடியாக உட்கார்ந்திருக்கும் எல்லை வருகிறது. அந்த ஒற்றைக் கோட்டில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு காணாமல் போயிருக்கிறது. 30 கிலோமீட்டர் கல் அரித்துப்போனதும் அந்த இடைவெளியில்தான். சராசரி போட்டால் ஆண்டுக்கு 0.06 மில்லிமீட்டர்கூட வராது.

அந்தக் கடல் இருந்தபோது ஒன்டாரியோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது. பாறை அசையவில்லை, அதைச் சுமந்த கண்டம் அசைந்தது. கிரென்வில் மோதலில் ஒட்டிச் சேர்ந்த ரோடினியா என்ற பெருங்கண்டம் அதற்குள் பிளந்துபோயிருந்தது. பிறகு வேறொரு கடல் மூடி, பாஞ்சியா என்ற அடுத்த பெருங்கண்டம் சேர்ந்தது. அதுவும் பிளந்து இன்றைய அட்லாண்டிக் திறந்தது. கடல்கள் இப்படித் திறந்து மூடித் திறக்கும் என்ற எண்ணத்தை 1966-இல் தெளிவாக எழுதியவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டூசோ வில்சன். கண்டங்கள் நகர்கின்றன என்பதை நெடுங்காலம் மறுத்தவர் அவர். ஐம்பது வயதுக்கு மேல் மனதை மாற்றிக்கொண்டு, 1963-இல் ஹவாய்த் தீவு வரிசையை விளக்கினார், 1965-இல் உருமாற்றுப் பிளவுகளை விளக்கினார், அடுத்த ஆண்டு இது. கட்சி மாறியதற்காக அவரை யாரும் குறைசொல்லவில்லை. பின்னாளில் ஒன்டாரியோ அறிவியல் மையத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். 1993-இல் இறந்தார், யார்க்வில் பூங்கா திறப்பதற்கு ஓராண்டு முன்னால்.

கடைசியாக வந்தது பனி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு ஒன்டாரியோ முழுவதும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த பனிப்படலம் இருந்தது. அது நகர்ந்தபோது அடியில் சிக்கிய கற்களால் முஸ்கோகாவின் முகடுகளைத் தேய்த்து, முதுகு முதுகாக உருட்டிவிட்டது. யார்க்வில் பாறையின்மேல் உட்கார வாகாக இருப்பது பனியின் கைங்கரியம். பெயர்த்தெடுத்த துண்டுகளைப் பனி சும்மா விடவில்லை, தெற்கே இழுத்துக்கொண்டு வந்து டொராண்டோ நிலத்தில் போட்டுவிட்டுப் போனது. ஸ்கார்பரோவில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டுகிறவர்களின் இயந்திரப் பல்லில் அவ்வப்போது சிக்கும் உருண்டைக் கற்களில் பல, முஸ்கோகாவும் அதற்கு அப்பாலும் உள்ள ஊர்களைச் சேர்ந்தவை. ஆக லாரி ஓட்டியவர்கள் புதுப் பாதை ஒன்றும் போடவில்லை. பனி இலவசமாக நடத்திய போக்குவரத்தைக் காசு கொடுத்து இன்னொரு தடவை நடத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொராண்டோவின் மண்ணுக்குக் கீழே இருப்பது களிப்பாறை, அதற்குக் கீழே சுண்ணக்கல். அதற்கும் கீழே, சில நூறு மீட்டர் ஆழத்தில், இதே கிரென்வில் பாறைகள் தெற்கே அமெரிக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. பூங்காவுக்குத் தேவையான கல்லின் உறவுக்காரர்கள் அதே மனைக்கு நேர் கீழேயே இருந்தார்கள். எடுக்கத்தான் வழியில்லை, முஸ்கோகாவே மலிவு.

இப்போது பாறை நகரவில்லையா? அட்லாண்டிக் இன்னும் ஆண்டுக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அகன்றுகொண்டுதான் இருக்கிறது. 1994-க்குப் பிறகு யார்க்வில் பாறை ஐரோப்பாவை விட்டு முக்கால் மீட்டர் அளவுக்கு விலகிப் போயிருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்ட எல்லோரையும் கூட்டிக்கொண்டு.

டொராண்டோவில் இருப்பவர்கள் இந்தக் கோடையில் முஸ்கோகா ஏரிக்கரைக்குப் போனால், அடுப்பு மூட்டுவதற்கு முன் காலடியில் கிடக்கும் பட்டைகளை ஒரு தடவை குனிந்து பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் காரை நிறுத்த வேண்டாம், போலீஸ் வரும். சென்னையில் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வகம் பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று அந்தக் கல்லிலேயே குடைந்தது, இப்போது தர்காவாக இருக்கிறது. அதே பல்லாவரத்துக் கல்லை நெடுங்காலம் உடைத்து ஜல்லியாக்கினார்கள். விமானத்தில் வந்து மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர்களுக்குப் பரங்கிமலை பத்து நிமிடத் தூரம். ஊருக்கு வரும்போது மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு மணிநேரம் ஒதுக்கி ஏறிப் பாருங்கள், படிக்கட்டு நன்றாகவே இருக்கிறது.